குடிக்க மறுத்த குழி

குழி ஆயிலைக் குடிக்கவில்லை.

வெர்லின் டோலஃப்சன், பழைய ஆயில் நிரப்பிய காலிப் பால் கேனைச் சரித்துப் பிடித்தபடியே நின்றார். பனி உருகும் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. ஷெட் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, வடக்கே திரும்பும் வாத்துகள் வயலுக்கு மேலே கத்திக்கொண்டு போயின, பூட்ஸ் சேற்றில் புதைந்திருந்தது, மூக்கு நிறையக் கருகிய ஆயில் வாடை. எல்லாம் வழக்கம்போலத்தான். அவருடைய அப்பா செல்மர் தோண்டி, ஜல்லி நிரப்பி, குப்பைத்தொட்டி மூடியால் மூடிவிட்டுப் போன குழி இது. காரிலிருந்து வடித்த பழைய ஆயிலை எவ்வளவு ஊற்றினாலும் ‘களக்’ என்று ஒரே மடக்கில் விழுங்கிவிடும். இன்று ஆயில் ஜல்லிக்கு மேலே, கறுப்பாக, அசையாமல் நின்றது. அதில் வானம் தெரிந்தது. வெர்லினின் முகமும் தெரிந்தது. அறுபத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே கிழடுதட்டிய முகம்தான் என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

‘பனி உருகி நிலத்தடித் தண்ணீர் ஏறியிருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டார்.

அவருடைய மனைவி ஆர்டிஸோ, பழைய ஆயிலெல்லாம் டவுனுக்குப் போவதாக நம்பிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: “நாம குடிக்கிறது நம்ம கிணத்துத் தண்ணி, வெர்லின். அந்தக் கருமத்த இனிமே மண்ணுல ஊத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு.” அவரும் செய்தார். டவுனில் சனிக்கிழமை தோறும் பழைய ஆயிலை இலவசமாக வாங்கிக்கொள்ளும் நிலையம் ஒன்று இருந்தது. முதல் தடவை போனபோது வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்து குழியில் ஊற்றினார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் குழியில் ஊற்றுவார், காலி கேன்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றுவார், டவுனுக்குப் போய் உணவகத்தில் பட்டைப்பொடி மணக்கும் ‘ஆப்பிள் பை’ பலகாரம் ஒரு துண்டு சாப்பிடுவார், திரும்புவார். ஒரு முறை பொய் சொன்ன பிறகு, நிஜமாகவே நிலையத்துக்குப் போவது அந்தப் பொய்யை அவமதிப்பதுபோல அவருக்குப் பட்டது.

“வாங்கிக்கிட்டாங்களா?” என்று ஆர்டிஸ் கேட்பாள்.

“வாங்கிக்கிட்டாங்க.”

காலி கேனோடு ஷெட்டுக்குள் நுழைந்தவர் நின்றார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கேன் இருந்தது. நிறைந்து, கறுத்து. மறந்துவிட்டோமோ என்று நினைத்துத் தூக்கினார். கை சட்டென்று பின்வாங்கியது. சூடு. இப்போதுதான் ஓடி நின்ற என்ஜினிலிருந்து வடித்ததைப் போன்ற சூடு. இன்று ஆயில் வடித்த ஆர்டிஸின் காரோ ஆறி இரண்டு மணி நேரமாகிவிட்டது. ஷெட்டுக்குள் அவர் விடும் மூச்சே புகையாகத் தெரியும் அளவுக்குக் குளிர்.

அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், சிவப்பு மூடி போட்ட கேன்கள். அந்தப் பால் கம்பெனியையே இழுத்து மூடி இருபது வருஷமிருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரம், ஒரு காப்பித் தகர டின். மூடி கம்பியால் இறுக்கப்பட்டு, கம்பியின் நுனி இடப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அப்பா இடதுகைக்காரர். அதுவும் சூடு. காய்ச்சல்காரன் நெற்றியைப் போல.

“வெர்லின்!”

தலையை அலமாரியில் இடித்துக்கொண்டார்.

ஆர்டிஸ் சமையலறைக் கதவருகில், கையில் கண்ணாடி டம்ளரோடு நின்றாள். “நாலு மணிக்கு மூடிருவாங்க. இன்னும் அங்க என்னத்த நோண்டிக்கிட்டிருக்கே?”

“இதோ கெளம்பிட்டேன்.”

“பழைய ஆயில் குடுத்துட்டு வர்ற மனுஷன் மேல எப்பிடித்தான் பட்டை வாசனை அடிக்குதோ! உலகத்துலயே மணக்குற குப்பைக்கிடங்கு நம்ம ஊர்லதான் இருக்கு போல.” சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். “இன்னிக்கு என்னமோ தாகம். காலைலேருந்து குடிச்சிக்கிட்டே இருக்கேன்.”

அன்று அவர் உணவகத்தின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. எல்லாக் கேன்களையும், அப்பாவின் டின்னையும் ஏற்றிக்கொண்டு நேராக நிலையத்துக்குப் போனார். இன்றைக்குக் கொடுத்துவிட்டால் போதும். அவள் கேட்கும்போது ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லலாம். இருபது மைலும் முதுகுக்குப் பின்னால் சூடு வருவதுபோலவே இருந்தது.

அங்கே வேலை பார்க்கும் மைலோ பிராண்ட்வோல்டு, பள்ளியில் கூடப் படித்தவர். “அட, வெர்லினா! வழி தவறிட்டியா? ஆப்பிள் பை கடை அந்தப் பக்கம்யா!”

“சும்மா கெட. எறக்கு.”

மைலோ தொட்டியில் கொட்டுவதற்கு முன் ஒரு கேனைத் திறந்து பார்த்தார். முகம் சுருங்கியது. கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றினார்.

“என்னய்யா இது? தண்ணி. ஐஸ் மாதிரி இருக்கு. ஒன் கார் இப்ப தண்ணிலயா ஓடுது?”

அடுத்த கேன். தண்ணீர். சிவப்பு மூடி. தண்ணீர். காப்பி டின்னின் கம்பியை வெர்லினே பிரித்தார். பளிங்குபோலத் தெளிந்த நீர். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். லேசான இரும்புச் சுவை. பிறந்ததிலிருந்து தெரிந்த சுவை.

அவர் கிணறு.

மைலோ என்னவோ கேட்டார். வெர்லின் அதற்குள் வண்டியில் ஏறி, போனை எடுத்துவிட்டார்.

“ஆர்டிஸ், தண்ணி குடிக்காதே.”

போனில் ஒரு சத்தம் மட்டும்.

களக்.

“ஆர்டிஸ்! குழாயை மூடு!”

“என்ன சொன்னே?” குரல் மெதுவாக, கனமாக வந்தது. “ரொம்ப நல்லாருக்கு இன்னிக்கு.”

களக்.

இருபது மைல் ஓட்டி வீடு வந்தார். வெயில் இருந்தது. வாத்துகள் இல்லை. கூரை சொட்டவில்லை. குழியின் மூடி ஒரு பக்கமாகக் கிடந்தது. உள்ளே வெறும் ஜல்லி. கழுவி விட்டதுபோல, வெள்ளை வெளேரென்று.

கதவைத் திறந்தார்.

கருகிய வாடை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் அல்ல. கனத்த, வழுக்கும் சத்தம்.

ஆர்டிஸ் மேசைக்கு அந்தப் பக்கம், சத்தியம் வாங்கிய அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில், கைகளை மடித்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தாள்.

“வாங்கிக்கிட்டாங்களா?”

ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே கறுப்பு.

“ஆர்டிஸ்... நான் ஒரு நாளும்... ஒரு தடவைகூட...”

“தெரியும்,” என்றாள், அன்போடு. கண்ணோரம் ஒரு துளி திரண்டது. கறுப்பு. மெதுவாகக் கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. விளிம்புவரை நிறைந்த டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அதிலிருந்து ஆவி எழுந்தது.

“உக்காரு. ஆறிடப் போவுது.”

வெர்லின் குனிந்து பார்த்தார். கறுப்பில், அசையாமல், அவருடைய முகம் தெரிந்தது.

அது ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தது.