சிவப்பணுவில் ஒரு புள்ளி

பிரம்மநாயகியின் ரத்தம் தப்பாக இருந்தது.

மோதிர விரலில் ஊசியால் குத்தி, துளியை ஸ்லைடில் இழுத்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி ஐப்பசி மாதத்து அழுமூஞ்சி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், வட்டமாக, நடுவில் வெளுத்துக் கிடக்க வேண்டிய சிவப்பணுக்கள் வெள்ளரி விதை மாதிரி நீண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. நியூக்ளியஸ். விலங்கியல் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்த விஷயம்: மனிதனின் சிவப்பணுவில் அது கிடையாது. தவளைக்கு உண்டு.

தவளை ரத்தம் பார்த்தது போன மாதம். இன்று ஆய்வகத்தில் ஒரு தவளைகூட இல்லை. இரண்டாவது விரலில் குத்தினாள், மூன்றாவதிலும் குத்தினாள். ஃபார்மலின் நெடியும் ஈரத் தாவணிகளின் புழுங்கல் வாடையும் தொண்டையை அடைக்க, தகரக் கூரையில் மழை நிற்காமல் தட்டிக்கொண்டிருக்க, அவள் மறுபடி மறுபடி குனிந்து பார்த்தாள். அதே விதைகள்தான்.

நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் இந்தக் கடைசிப் படத்துக்குக் கையெழுத்து வாங்காவிட்டால் தேர்வுக்குள் விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மகளை வீட்டில் உட்கார வைக்க அந்த ஒரு வருடமே போதும்.

மற்றவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. போன வருடத்து அக்காமார் ரெக்கார்டைப் பக்கத்தில் விரித்து, பேனா மூடியை வைத்து வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டைக்கே வழக்கம் அதுதான். பிரம்மநாயகி மட்டும் பார்த்ததை வரைவாள். அதனால் வகுப்பிலேயே அசிங்கமான ரெக்கார்டு அவளுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பக்கத்து ஸ்டூலில் ஜன்னத்துல் பிர்தௌஸ். காயல்பட்டினத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறவள்.

"ஜன்னத், ஒன் ஸ்லைடக் காட்டு."

"எதுக்கு? வட்டத்தப் போட்டுட்டுக் கெளம்பு. மழ வலுக்கு."

பிரம்மநாயகி அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். விதைகள். நடுவில் புள்ளி.

"இதப் பாத்தியாட்டி நீ?"

ஜன்னத் நிமிரவில்லை. "பாத்தேன்," என்றாள் பைய. "நீயும் வட்டம் போடு."

பிரம்மநாயகி வட்டம் போடவில்லை. விதைகளை வரைந்தாள், புள்ளிகளை வைத்தாள், அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதி, முன்மேசைக்குக் கொண்டுபோனாள். ஆசிரியர் குற்றாலலிங்கம் சிவப்புப் பேனாவோடு காத்திருந்தார்.

"என்னம்மா இது?"

"என் ரத்தம், சார்."

"அழிச்சிட்டு, புக்கப் பாத்து வரைஞ்சிட்டு வா. கையெழுத்துப் போடுதேன்."

"நீங்க வந்து பாருங்க, சார். பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "இருவத்திரெண்டு வருசமா பாக்கேம்மா. இங்கன எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. அதுக்குத்தான புக்கு இருக்கு."

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் ஒரு ரப்பரை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினார். அந்த ரப்பரைப் பார்த்ததும் பயத்தை மீறி ஆத்திரம் வந்தது.

"அழி."

"மாட்டேன், சார்."

"வருசம் போயிரும்."

"போவட்டும்."

அவர் மேசையிலிருந்த மைப்பேனாவையே எடுத்தாள். பென்சில் கோடுகளின் மேல் மையால் இழுத்தாள். ஒவ்வொரு விதையும். ஒவ்வொரு புள்ளியும். கீழே எழுதினாள்: மனித ரத்தம். பிரம்மநாயகி, இரண்டாம் ஆண்டு.

பின்னால் பென்சில் சத்தம் நின்றது.

திரும்பினாள். முப்பது தலைகளும் நிமிர்ந்திருந்தன. கோபமில்லை. அழுகையில்லை. வெறுமனே பார்த்தார்கள்.

பிறகு, ஒன்றாக, கண் சிமிட்டினார்கள்.

மேலிமைகள் அசையவில்லை. கீழிருந்து ஏறியது. மெல்லிய, ஈரமான, கண்ணாடி போன்ற ஒரு தோல். விழியை மூடியது. இறங்கியது. ஜன்னத்துக்கும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சாருக்கும்.

பிரம்மநாயகி கண்ணைச் சிமிட்டவில்லை.

எரிந்தது. நீர் வழிந்தது. சிமிட்டவில்லை. ஊசி குத்திய விரல்களால் இரண்டு கீழிமைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுங்க, சார்," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "நான் பாத்ததுக்குப் போடுங்க."

விரல்களுக்கு அடியில், மெதுவாக, வழவழவென்று, அது மேலே முட்டியது.