லிஃப்டில் ஏறிய ஆடு

நெரிசலில் திணறும் கச்சிபௌலி போக்குவரத்தைக்கூட ஒழுங்குபடுத்திவிடலாம். வினயை ஓர் இடத்தில் உட்கார வைக்க முடியாது.

அவனுக்கு ஏழு வயது. அவனுக்குத் தமிழ் படிக்கச் சொல்லித்தரும் ‘டீச்சர்’ ஹர்ஷிதாவுக்குப் பதினொன்று. தினமும் மாலையில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடக்கும். நடக்கும் என்று பேர்தான்.

“ஆ... டு... அக்கா, கீழே டெலிவரி அண்ணா!” என்று ஜன்னலுக்கு ஓடுவான். ஜன்னலை மூடினால் மின்விசிறியைப் பார்ப்பான். அதையும் நிறுத்தினால் சுவரில் பல்லியைத் தேடுவான்.

“உக்காருடா!”

“நக்கோ, வேணாம் அக்கா. கால் உக்கார மாட்டேங்குது.”

ஹர்ஷிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் மறுநாள் மாலை எப்போது வரும் என்று காத்திருப்பாள். விருதுநகரிலிருந்து கொண்டாப்பூருக்குக் குடிவந்த பிறகு அவளோடு பேசும் ஒரே பிள்ளை வினய்தான். பள்ளியில் எல்லோரும் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவளுக்குப் புரியாது. அம்மாவும் அப்பாவும் ஆபீஸிலிருந்து வரும்வரை வீட்டில் அவளும் ஃபிரிட்ஜின் உறுமலும்தான்.

ஒருநாள் வினயின் அம்மா லலிதா தயங்கித் தயங்கிச் சொன்னார். “தப்பா நினைச்சுக்காதேம்மா. இவன் ஒரு பக்கம்கூட முழுசா படிக்கலே. சனிக்கிழமை எனக்குப் படிச்சுக் காட்டட்டும். இல்லேன்னா ஆன்லைன் கிளாஸ்ல சேத்துடறேன்.”

ஹர்ஷிதா மெல்லப் புத்தகத்தை மூடினாள். வினயும் போய்விட்டால் அவள் யாரோடு பேசுவாள்?

அதே கட்டடத்தில் வேறு மாடியில் இருந்த தன் வீட்டுக்குப் போக லிஃப்டுக்காக நின்றாள். வழியனுப்ப வந்த வினய், லிஃப்ட் வருவதற்குள் மேல்மாடிக்கு ஓடிப்போய்த் திரும்பியே வந்துவிட்டான்.

‘கால் உட்காராதாம். சரி, ஓடட்டுமே!’ என்று நினைத்தாள்.

மறுநாள் ஒரு கதையைத் துண்டுத் தாள்களில் எழுதி, மாடிக்கு ஒன்றாகப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாள்.

“ஓர் ஆடு... லிஃப்டில்... ஏறியது. அப்புறம்?”

“அடுத்த மாடியில இருக்கு.”

வினய் பறந்தான். “மூக்கால்... பட்டனை... அழுத்தியது! அக்கா, ஆடு பட்டன அமுக்கிடுச்சு!” கட்டடமே அதிரும்படி கத்தினான்.

தினமும் புதுத் துண்டுகள் வந்தன. ஆடு ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டிலிருந்து இறங்கி வம்பு செய்து, கடைசியில் மொட்டை மாடிக்குப் போனது. வினய் எழுத்துக்கூட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

சனிக்கிழமை லலிதா மூச்சு வாங்க அவன் பின்னால் ஏறினார். அவன் ஒரு மாடி விடாமல் படித்து முடித்தான்.

“நல்லாத்தான் படிக்கறான்” என்றார் லலிதா. “ஆனா எப்பவும் ஓடிக்கிட்டே படிக்க முடியுமா ஹர்ஷிதா? ஒரு இடத்துல உக்கார வேணாமா?”

ஹர்ஷிதாவுக்குக் கண் கலங்கியது.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. ஹர்ஷிதாவின் வயதில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆடு கைக்கு, ஏன் மொட்டை மாடிக்குப் போச்சு? டெய்லி உள்ளேருந்து கேக்கறேன். பாதிதான் காதுல விழுது!”

ஹர்ஷிதா திகைத்தாள். “உனக்குத் தமிழ் தெரியுமா?”

“ஹவ், ஆமா. வீட்டுல தமிழ்தான். படிக்கத்தான் வராது. நான் சாஹித்யா.”

இந்தக் கதவைத் தாண்டி ஹர்ஷிதா எத்தனை முறை போயிருப்பாள்! உள்ளே தமிழ் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

படிக்க வராது என்று கேட்டதும் வினய்க்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஓடிப்போய் எல்லாத் துண்டுகளையும் பிய்த்துக்கொண்டு வந்தான். படியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“நான் படிக்கறேன். நீ நடுவுல எழுந்து போகக் கூடாது!” என்று சாஹித்யாவை மிரட்டினான்.

முதல் துண்டிலிருந்து படித்தான். கீழே யாரோ வண்டியில் ஹாரன் அடித்தார்கள். அவன் தலை தூக்கவே இல்லை.

லலிதா மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “நாளைக்கும் வந்துடும்மா” என்று ஹர்ஷிதாவிடம் மெதுவாகச் சொன்னார்.

சாஹித்யா நிமிர்ந்து பார்த்தாள். “நீ ஏன் நிக்கறே? வா, உக்காரு.”

ஹர்ஷிதா நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பேருக்கு அந்தப் படி போதவில்லை. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.