சும்மா இருங்க

தங்கமாரியப்பனின் மணிக்கட்டில் கட்டியிருந்த தணிப்பிக் கருவி அன்று ஐந்தாவது முறையாகச் சிவந்தது. நூற்று எண்பத்தெட்டு. இரத்த அழுத்தம் ஏறினால் தணிப்பிக்கு ஒரே வேலைதான்: ஆளின் மூச்சை மெதுவாக்கி, அவர் வாழ்க்கையிலேயே மிக நிம்மதியான நினைவைத் தட்டி எழுப்பும். அழுத்தம் தானாக இறங்கிவிடும். மாத்திரையையே ஒழித்துக் கட்டிய மகா கண்டுபிடிப்பு!

அவருடைய நினைவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி மங்கை அவர் மீசைக்கு டை அடிக்கிறாள். "ஆடாம சும்மா இருங்க" என்று அதட்டுகிறாள். இருபத்திரண்டு வருடம் அவரைக் காப்பாற்றியது அந்த அதட்டல்தான்.

போன மாதம் மங்கை இறந்துபோனாள். தணிப்பிக்கு அது எங்கே தெரியும்? அழுத்தம் ஏறியபோதெல்லாம் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவளைக் கண்டதும் இன்னும் ஏறியது. பாவம் மனுஷன், நொறுங்கிப்போனார்.

தூத்துக்குடி தணிப்பு நிலையத்தில் சிகிச்சையாளர் ஜெசிந்தா உள்ளதைச் சொல்லிவிட்டாள். "இப்படியே போனா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும் சார். வேற நினைவு வைக்கேன், குளத்துல மழை பெய்யிற மாதிரி. ஆனா பழசுல உள்ள உணர்ச்சிய எடுத்தாதான் புதுசு நிக்கும். உங்க வீட்டம்மா ஞாபகத்துல இருப்பாங்க. வலிக்காது, அவ்வளவுதான்."

"வலிக்கலைன்னா அது அவ இல்லியே, தாயி. எனக்கு ஒரு மாத்திரை குடேன். முழுங்கிட்டு அழுதுட்டுப் போறேன்."

"மாத்திரைக்கு நான் எங்க சார் போவேன்? கம்பெனிய மூடி முப்பது வருஷமாச்சு."

பக்கத்தில் நின்ற மகள் வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவும் போயாச்சு. நீங்களும் போனா எனக்கு யாருப்பா இருக்கா?"

தங்கமாரியப்பன் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தார்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நூற்று இருபத்திரண்டு.

"இப்ப அம்மாவ நெனச்சுப் பாருங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

நினைத்தார். தணிப்பி பச்சையாகவே இருந்தது.

"நல்லா டை அடிப்பா," என்றார், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது போல.

வடிவுக்குத் தாங்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அவள் உடம்பே குலுங்கியது.

தங்கமாரியப்பன் அவள் தலையைத் தடவினார். "எதுக்கும்மா அழுற? ஆடாம சும்மா இரு."

வடிவு சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தில் அம்மாவைத் தேடினாள். அவரோ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்கு. போவமா?" என்றார்.