வால் இல்லாத மயில்களும் கர்ர்ர் வானொலியும்

துவாரகாவின் அம்மா திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவார். சனிக்கிழமைகளில் இரும்பு வெட்டுவார்.

இரும்பு வெட்டுவது என்றதும் கோடரியையும் வியர்வையையும் நினைத்துவிடாதீர்கள். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்கள் வீட்டுக் கராஜுக்குள் கட்டில் அளவில் ஒரு மேசை இருக்கிறது. மேசையில் இரும்புத் தகட்டைப் போட வேண்டும். கணினியில் ஒரு படத்தை வரைந்து கொடுக்க வேண்டும். பிறகு மேசைக்கு மேலே ஓடும் ஒரு இயந்திரக் கை, நீலச் சுடரால் அந்தப் படத்தை அப்படியே வெட்டித் தரும். அந்தச் சுடரின் பெயர் பிளாஸ்மா. பறக்கும் தீப்பொறிகளைப் பிடிக்க, தகட்டுக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு.

சுடரை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. அதற்காக அம்மாவிடம் கறுப்புக் கண்ணாடி இருந்தது. துவாரகாவிடமும் ஒன்று இருந்தது. ஆனால் கண்ணாடி போட்டாலும், தரையில் அம்மா போட்டிருந்த மஞ்சள் கோட்டை அவள் தாண்டக் கூடாது. அந்த விஷயத்தில் அம்மா பேருந்து ஓட்டும்போது இருப்பதைவிடக் கண்டிப்பு.

பக்கத்து நகரமான பிறம்ரனில் வீடு மாறிப் போன ஒருவரிடம் இந்த மேசையை அம்மா வாங்கினார். அன்றிலிருந்து அப்பாவின் கார் வெளியே நிற்கிறது. பனிக்காலத்தில் காலையில் எழுந்து கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவது அப்பாதான். அதனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்தத் தெருவில ஆராவது ஒரு ஆள் கொம்ப்ளெயின்ற் பண்ணினாலும், உது திரும்பப் பிறம்ரனுக்குப் போயிடும். சரியோ?"

அம்மா சரி என்றார். துவாரகா மட்டும் தெருவில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்த்தாள். அந்த மேசையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பூச்சட்டி தாங்கிகள், வீட்டு இலக்கங்கள், ஒரு பூனை, இரண்டு யானைகள் எல்லாம் வெட்டினார்கள். செப்டெம்பர் முடிகிற நேரத்தில்தான் தொல்லை தொடங்கியது. அம்மா ஒரு தோழியின் தோட்டத்துக்காக மயில் வெட்டத் தொடங்கினார். தலை வந்தது. உடம்பு வந்தது. வாலுக்குப் போனதும் கணினி அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. கராஜ் சுவரோரம் வாலில்லாத மயில்கள் வரிசையாக நின்றன. அப்பா அவற்றைக் கோழிகள் என்றுதான் சொல்வார்.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அம்மா மறுபடியும் மயில் வெட்ட ஆயத்தமானார். துவாரகா பக்கத்து வீட்டு மக்டலீன் அன்ரியிடம் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அன்ரி அதில் மீன் ரோல்ஸ் அனுப்பியிருந்தார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது அழகில்லை என்பதால், அம்மா அதற்குள் தோட்டத்துத் தக்காளிகளை நிரப்பியிருந்தார்.

மக்டலீன் அன்ரி தனியாகத்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய வீட்டில் பேச்சுச் சத்தம் ஓயாது. சமைக்கும் குசினியின் சன்னலோரம் ஒரு பழைய வானொலி இருக்கிறது. அது விடியற்காலை தொடங்கித் தமிழில் பேசிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வானொலியில் வினாடி வினா வரும். அறிவிப்பாளர் கேள்வி கேட்பார். யார் முதலில் தொலைபேசியில் அழைத்துச் சரியான பதில் சொல்கிறாரோ அவருக்கு ஒரு புள்ளி. மாத முடிவில் கூடிய புள்ளி எடுத்தவருக்கு ஒரு பிரஷர் குக்கர். அன்ரியிடம் ஏற்கெனவே நல்ல குக்கர் இருக்கிறது. அவருக்கு வேண்டியதெல்லாம், மாத வெற்றியாளர் மக்டலீன் என்று வானொலியில் ஒரு தடவை சொல்வதுதான். அதை அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

துவாரகா உள்ளே போனபோது அன்ரி ஒரு கையில் தொலைபேசியோடு வானொலியில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். அறிவிப்பாளர், "அடுத்த கேள்வி, நேயர்களே" என்றார். அதற்குப் பிறகு கர்ர்ர்ர்ர் என்று ஒரு இரைச்சல் வந்தது. இரைச்சல் நின்றபோது கேள்வி முடிந்திருந்தது.

கைபேசியில் இணைய வழியாகக் கேட்டால் என்ன என்று துவாரகா கேட்டாள். அதில் எல்லாம் அரை நிமிடம் பிந்தி வருகிறதாம். அதற்குள் மார்க்கம் நகரில் இருக்கும் கிறிஸ்துநாயகம் அங்கிள் பதில் சொல்லி முடித்துவிடுவாராம்.

அப்படித்தான் நடந்தது. "எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டீங்களோ?" என்று ஒரு மென்மையான குரல் வானொலியில் வந்தது. அதுதான் கிறிஸ்துநாயகம் அங்கிள். பதில் சொன்னார், ஒரு புள்ளி எடுத்தார். இப்போது இரண்டு பேருக்கும் சமமான புள்ளிகள்.

"பாத்தியே பிள்ளை?" என்றார் அன்ரி. "கேள்வி வரேக்கதான் இரையுது. அந்த அறிவிப்பாளரும் கிறிஸ்துநாயகமும் ஒரே ஊர்க்காரர். அதுதான் எனக்கு மட்டும் உப்பிடிச் செய்யினம்."

ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி இரைய வைக்க முடியும் என்று துவாரகாவுக்கு விளங்கவில்லை. ஒரே ஊர்க்காரர் சேர்ந்தால் எதுவும் செய்வார்கள் என்று அன்ரி விளக்கினார். பிறகு வானொலி நிலையத்துக்கு எண்களை அமுக்கத் தொடங்கினார். எல்லோரும் கேட்கும்படி இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடப் போகிறாராம். துவாரகாதான் சாட்சியாம்.

மறுபடியும் கர்ர்ர்ர்ர். துவாரகா தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கராஜின் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சம் மினுமினுத்தது. வெளிச்சம் நின்றது. இரைச்சலும் நின்றது. வெளிச்சம் வந்தது. கர்ர்ர்ர்ர்.

இரைச்சல் அவர்களுடைய மேசையிலிருந்துதான் வருகிறது.

சொன்னால் மேசை பிறம்ரனுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், சாப்பிட்டீங்களோ என்று கேட்ட அந்த அங்கிள் ரொறன்ரோத் தமிழர் எல்லோரும் கேட்க ஏச்சு வாங்குவார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. தொலைபேசியில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ எடுத்து ஹலோ என்றார்கள்.

"அன்ரி, போனை வையுங்கோ," என்றாள் துவாரகா. "அது அவையள் இல்லை. எங்கட மிசின்."

அன்ரி போனை வைத்தார். சன்னலைப் பார்த்தார், வானொலியைப் பார்த்தார், துவாரகாவைப் பார்த்தார். பிறகு வீட்டுச் செருப்போடு நேரே கராஜுக்கு நடந்தார். துவாரகா பின்னாலேயே ஓடினாள்.

முற்றத்தில் அப்பா இலை வாரிக்கொண்டிருந்தார். அன்ரி நடந்ததைச் சொன்னதும் அப்பா வாரியை மரத்தில் சாய்த்துவிட்டு, "அப்ப கொம்ப்ளெயின்ற் வந்திட்டுது," என்றார். பாவம், அவர் கவலையாகச் சொல்லத்தான் பார்த்தார். ஆனால் பனிக்காலம் வரப்போகிறதல்லவா? குரலில் கொஞ்சம் சந்தோஷமும் ஒட்டிக்கொண்டது.

அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருடைய முகம் சுருங்கிப்போனது. அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டார். அவருடைய கையில் சூடு ஆறிய புதிய மயில் ஒன்று இருந்தது. வழக்கம்போல வால் இல்லை.

"உது என்ன, கோழியோ?" என்று அன்ரி கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

துவாரகா மயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணினி எப்போது நின்றது என்று அம்மாவிடம் கேட்டாள். இப்போதுதான், வெட்டிக்கொண்டு இருக்கும்போதே, என்றார் அம்மா. சுடர் எரியாதபோது எப்போதாவது நின்றிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார் அம்மா.

"அப்ப ரெண்டுக்கும் ஒரே நோய்தான்," என்றாள் துவாரகா. "அன்ரியின்ர றேடியோவுக்குக் கேக்கிற சத்தம் எங்கட கொம்பியூட்டருக்கும் கேக்குது. றேடியோ கத்துது. கொம்பியூட்டர் பயந்து நிக்குது."

அம்மா மயிலைக் கீழே வைத்துவிட்டு மகளை உற்றுப் பார்த்தார். இருக்கலாம் என்றார். சுடருக்குப் போகும் மின்சாரம் எங்கிருந்தோ ஒழுகிக் காற்றில் இரைச்சலாகப் பரவுகிறது, ஆனால் எங்கிருந்து என்று கண்ணால் பார்க்க முடியாதே என்றார்.

"பாக்கேலாது. கேக்கலாம்," என்றாள் துவாரகா. பிறகு அன்ரியின் பக்கம் திரும்பினாள். "அன்ரி, எங்களுக்கு ஒரு கிழமை தாங்கோ. உங்கட றேடியோவையும் தாங்கோ."

ஒரு வாரம் தரலாம் என்றார் அன்ரி. வானொலியைத் தர மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில், அது போகும் இடத்துக்குத் தானும் வருவதாக ஒரு ஒப்பந்தத்தோடு சம்மதித்தார்.

மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்ததும் அன்ரி வானொலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கராஜ் வாசலுக்கு வந்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வானொலியை எப்படி உள்ளே அனுப்புவது? துவாரகா அதற்கும் வழி வைத்திருந்தாள். அப்பாவின் இலை வாரியின் நுனியில் வானொலியைக் கட்டினாள். அன்ரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள்; அன்ரிக்கு அம்மா தன் பழைய கண்ணாடியைக் கொடுத்தார். அப்பாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, அதனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். அம்மா ஒரு பழைய தகட்டுத் துண்டை வெட்டத் தொடங்கினார். துவாரகா வாரியை மெல்ல நீட்டினாள். சுடருக்குக் காற்று ஊதும் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னச் சத்தம். கணினிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய சத்தம். சுவரில் இருந்த கொக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும், வானொலி வாய்விட்டு அலறியது.

அந்தக் கொக்கியில் ஒரு வயர்ச் சுருள் தொங்கியது. சுடருக்குப் போகும் தடித்த வயரும் கணினிக்குப் போகும் மெல்லிய வயரும் ஒன்றாகச் சுற்றி, அழகாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். "ஆர் உதைக் கட்டினது?" என்றார்.

அப்பா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். செப்டெம்பர் கடைசியில் கராஜைத் துப்புரவாக்கியது அவர்தான். வயர்கள் தரையில் பாம்புபோலக் கிடப்பது அழகில்லை என்று சுற்றிக் கட்டியதும் அவர்தான். கட்டி முடித்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான்.

அம்மா அவருடைய முதுகை ஒரு தடவை பார்த்தார். ஏசியிருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அம்மா மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கட்டை வெட்டினார். மெல்லிய வயரை ஒரு சுவரோரமும் தடித்த வயரை மறு சுவரோரமும் சுற்றாமல் நீட்டிவிட்டார். தகட்டைக் கவ்வி மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் இடுக்கி, மின்சாரம் சரியாகப் பாயாத பெயின்ற் பூசிய இடத்தில் இருந்தது. அதையும் எடுத்துச் சுத்தமான இரும்பில் மாட்டினார். பிறகு சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டிப் பார்த்தார்கள். அன்ரியின் குசினியில் வானொலி ஒழுங்காகப் பேசியது. ஆனால் ஒரு முழு மயிலை வெட்ட நீண்ட நேரம் வேண்டும். அதுவரை நல்லபடியாக இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. வினாடி வினா முடியும்வரை இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அன்ரி வந்து கதவைத் தட்டினார்.

"ஏன் மிசின் சத்தத்தைக் காணேல்லை? போடுங்கோ."

இன்றைக்குக் கடைசிப் போட்டி அல்லவா, வேண்டாம் என்றார் அம்மா.

"நிப்பாட்டி வச்சா, உது திருந்தினதோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்களும் பயந்து நானும் பயந்து இருக்கேலாது. போடுங்கோ பிள்ளை."

அம்மா புதுத் தகட்டை மேசையில் வைத்தார். துவாரகாவும் அப்பாவும் அன்ரியின் குசினியில் போய் உட்கார்ந்தார்கள். கராஜ் கண்ணாடியில் நீல வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது. துவாரகா வானொலிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். வானொலி பேசிக்கொண்டே இருந்தது. ஒரு கர் கூட இல்லை.

கேள்விகள் வந்தன. அன்ரி ஒன்றுக்குப் பதில் சொன்னார், கிறிஸ்துநாயகம் அங்கிள் ஒன்றுக்குச் சொன்னார். இருவரும் மறுபடி சமம். அறிவிப்பாளர் கடைசிக் கேள்வியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"முழுக்க முழுக்கக் கனடாவுக்குள்ளேயே இருக்கும் மிகப் பெரிய ஏரி எது?"

அன்ரியின் விரல் மின்னலாக ஓடியது. அவருக்குத்தான் முதலில் இணைப்புக் கிடைத்தது. "சுப்பீரியர் ஏரி," என்றார்.

அறிவிப்பாளர் வருத்தத்தோடு, அந்த ஏரியில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குள் இருக்கிறதே அம்மா என்றார். அடுத்த இணைப்பு. எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டீங்களோ? கனடாவின் வடகோடியில் இருக்கும் கிரேட் பெயர் ஏரி, அதாவது பெரிய கரடி ஏரி. மாத வெற்றியாளர் கிறிஸ்துநாயகம்.

துவாரகாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அன்ரியின் பெயரை வானொலி சொல்ல வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டிருந்தாள். கராஜில் வெளிச்சம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

அன்ரி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வடிவாக் கேட்டது," என்றார் மெதுவாக. "ஒரு சொல்லும் விடாமல் கேட்டது. பிழை விட்டது நான்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் கொஞ்சமாக, பிறகு வயிறு குலுங்க. சிரிப்பு அடங்கியதும் நிலையத்தை அழைத்து, கிறிஸ்துநாயகம் அங்கிளுக்கு எல்லோரும் கேட்க வாழ்த்துச் சொன்னார். அவர் சாப்பிட்டாரா என்றும் விசாரித்தார்.

அப்போது அம்மா, வாலோடு முழுதாக வெட்டிய மயிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "அப்ப அக்கா, கொம்ப்ளெயின்ற் ஒண்டும் இல்லையோ?"

"ஏன் இல்லை, ஒண்டு இருக்கு," என்றார் அன்ரி. "அந்த ஏரியை ஏன் அவ்வளவு தூரத்தில கொண்டுபோய் வச்சிருக்கினம்?"

அந்த முறைப்பாட்டுக்காக மேசையைப் பிறம்ரனுக்கு அனுப்ப முடியாது என்று அப்பாவே ஒத்துக்கொண்டார்.