கடலில் திறக்காத பக்கம்

குளச்சல் மீனவர்களுக்காக குளோரி ஓர் இணையப் பக்கம் செய்திருந்தாள். வானிலை அலுவலகம் சொல்லும் காற்று எச்சரிக்கையை அதில் உடனுக்குடன் போடுவாள். அவள் கல்லூரியில் கணினி படிக்கிறாள்.

ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை ஜெப்சிக்குப் பெருமை தாங்கவில்லை. காலாண்டு விடுமுறை வேறு. தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அக்காவின் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். சிலரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஆனால் அப்பா செல்வன் கடலிலிருந்து திரும்பியதும், பக்கம் திறக்கவே இல்லை என்றார். வெறும் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம்.

குளோரியின் முகம் வாடியது. தன் கணினியில் திறந்து காட்டினாள். பட்டென்று வந்தது. அப்பாவின் பழைய போன்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஜெப்சிக்கு மனசு ஆறவில்லை. அந்தப் போனை வாங்கிக்கொண்டு துறைமுகச் சுவரின் கடைசிவரை நடந்தாள். அங்கே சிக்னல் ஒரே ஒரு கோடுதான் காட்டியது. பக்கத்தைத் தொட்டுவிட்டுச் சத்தமாக எண்ணினாள். முதலில் அக்கா அழகுக்காகப் போட்டிருந்த கோயில் திருவிழாப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பிறகு ஒரு வீடியோ. எண்பத்தேழு எண்ணியபோதுதான் காற்று எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், இந்தப் பிள்ளை யாரோடு கண்ணாமூச்சி ஆடுகிறது என்று சுற்றிலும் தேடினார்.

ஜெப்சி வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, வீட்டுல வைஃபை இருக்கு. கடல்ல அது இல்லியே. அப்பாக்குத் திருவிழாப் படம் எதுக்கு? காத்து அடிக்குமா அடிக்காதான்னு முதல்ல வரட்டும்."

குளோரி யோசித்தாள். படங்களெல்லாம் கேமராவில் எடுத்தபடியே பெரிதாகக் கிடந்தன. ஒரு படம் வரும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வரிகள் வந்துவிடும். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வீடியோவை எடுத்தாள். பாதிப் படங்களை நீக்கினாள். மீதியைச் சுருக்கிக் கீழே தள்ளினாள். எச்சரிக்கை மட்டும் உச்சியில், வெறும் எழுத்தாக நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜெப்சி சுவருக்கு ஓடி எண்ணிவிட்டு வந்தாள். நாற்பது. பதினைந்து. கடைசியில் மூன்று.

வியாழக்கிழமை மதியம் அப்பாவின் வள்ளம் கிளம்பி அரை மணி நேரம் இருக்கும். மாலைக்குள் பலத்த காற்று வீசும் என்று புதிய எச்சரிக்கை வந்தது. குளோரி அதை உடனே பக்கத்தில் ஏற்றினாள். அம்மா அப்பாவை போனில் கூப்பிட்டாள். அவர் குரல் துண்டு துண்டாகக் கேட்டு நின்றுபோனது.

மூன்று பேரும் துறைமுகத்துக்கு ஓடினார்கள். ஜெப்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நான்கு, ஒன்பது! எல்லாமே கரையை நோக்கி வந்தன.

அப்பா இறங்கியபோது காற்று அவர் தலைத்துண்டைப் பறிக்கப் பார்த்தது. அம்மாவின் குரல் அறுந்ததும், சிக்னல் முழுதாகப் போவதற்குச் சற்று முன்னால் பக்கத்தைத் தொட்டாராம். உடனே வந்துவிட்டதாம். பக்கத்து வள்ளங்களையும் கத்திக் கூப்பிட்டுத் திருப்பினாராம்.

"பெரிய காரியம் செஞ்சிட்டே மக்கா," என்றார் குளோரியிடம்.

"பக்கத்தை நான் செஞ்சேன். அதை ஓட வச்சது இவதான்," என்று குளோரி தங்கையை முன்னால் தள்ளினாள்.

அதற்குள் மற்ற வள்ளக்காரர்களும் சூழ்ந்துகொண்டு, தங்கள் போனிலும் அதை வைத்துத் தரச் சொன்னார்கள். ஜெப்சி வீடு திரும்பும்போது முப்பத்தொரு போன்களில் அக்காவின் பக்கம் இருந்தது.