கடைசி வரிசையின் குரல்

நானூறு பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் பாடினார்கள். ஒரு குரல்கூடப் பிசகவில்லை. ஒவ்வொரு தொண்டையிலும் நாணய அளவில் ஒரு சுருதித்தகடு ஒட்டியிருந்தது. குரல்நாண் அதிரத் தொடங்கியதும் அதில் பச்சை விளக்கு எரியும். சுருதி விலகினால், அது காதுக்கு எட்டும் முன்பே தசையை லேசாக இழுத்துச் சரிசெய்துவிடும்.

தூத்துக்குடியில் இருந்த அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர் பெனிட்டாவின் கையில் ஒரு படிவம் இருந்தது. தகடே போதும், பாட்டு வகுப்பு வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்டால், இருபத்தெட்டு வருடமாக அவர் நடத்திவரும் பீரியட்கள் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். மறுக்க அவரிடம் காரணம் இல்லை. இவ்வளவு சுத்தமாக எந்த வருடமும் அவர் பிள்ளைகளைப் பாட வைத்ததில்லை.

தகட்டைக் கண்டுபிடித்த இன்பராஜ் அன்று விருந்தினராக வந்து, மேடையில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் தொண்டையிலும் தகடு. இங்கேதான் படித்தேன் என்றார்; டீச்சருக்கு முகம் பிடிபடவில்லை.

"அஞ்சாம் கிளாஸ்ல, ஆண்டு விழாவுக்கு, என்னைக் கடைசி வரிசையில நிறுத்தி, 'நீ வாயை மட்டும் அசை, போதும்'னு சொன்னீங்க டீச்சர்." குரலில் கோபமில்லை. "இனிமே எந்தப் பிள்ளைகிட்டயும் யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம்னுதான் இதைச் செஞ்சேன்."

டீச்சருக்கு நினைவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் நாலைந்து பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை அது. சொல்லாத பாட்டு டீச்சரை அவர் பார்த்ததுமில்லை. விழா முடிந்ததும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்றே நினைத்திருந்தார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், கையெழுத்தாவது போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

அப்போது பள்ளிப் பாடல் தொடங்கியது. மேடையில் இருந்தவர்களும் எழுந்து பாடினார்கள். தலைமையாசிரியர் முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை எங்கும் பச்சைப் புள்ளிகள். இன்பராஜின் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் பிசகாமல் அசைந்தன. அவருடைய தகட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.

பாட்டு முடியும்வரை டீச்சர் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"நாளைக்கு மூணாவது பீரியட் வாங்க. தகட்டைக் கழட்டி வச்சிட்டு."

"தப்பாத்தான் வரும், டீச்சர்." பேசியபோது விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

"வரட்டும். முன்வரிசையில நில்லுங்க."