சூட்டோடு விட்ட சொட்டு

“கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?”

பால் கேன் இடித்து, அவளுடைய வெள்ளைக் கோட்டு முழுக்கப் பால். இடித்தவன் நிமிர்ந்து பார்த்தான்...

“இவ்வளவு நேரம் கேன் மேல இருந்துச்சு. இப்ப உங்க மேல.”

பால் சேகரிப்பு நிலையத்தில் அவளுக்குச் சொட்டு மேடம் என்று பட்டப்பெயர். வருகிற பாலில் எல்லாம் அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பவள், யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவள். அன்றைக்கு என்னவோ சிரித்துத் தொலைத்தாள்.

இடித்தவன் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரின் மகன். அதற்குப் பிறகு தினமும் அவனேதான் பால் கொண்டுவந்தான். அவள் மாதிரிப் பாலைக் குழாயில் கொதிக்க வைப்பாள், அவன் பேச்சுக் கொடுப்பான்.

“பால்ல அப்படி என்னதான் தேடுறீங்க?”

“கொழுப்பு, புரதம், சர்க்கரை இருக்கணும். மாவுச்சத்து இருக்கக் கூடாது, இருந்தா அயோடின் பட்டு நீலமாகும். அது செடி கொடியோட சொத்து. மாட்டு மடியில ஏது?”

“எனக்குக் கொழுப்பு இருக்கா?”

“அது சோதிக்காமலே தெரியுது.”

அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானத்தின் கறுப்பு. பார்த்துக்கொண்டே நின்றால் பால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்கே நினைவிருக்கும்? தினமும் சூட்டோடு சொட்டு விட்டாள். நீலம் வரவில்லை. ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போட்டாள். அந்தப் பால் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போனது.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கிளம்ப முடியாமல் அவன் ஜன்னலோரம் நின்றான்.

“அக்காகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன்...”

வெட்கத்தில் தலை குனிந்தவள் கண்ணில் அன்றைக்குச் சொட்டு விட்டு வைத்த குழாய் பட்டது. ஆறிப்போன பால் மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. மாவு கலந்த பால்.

நிமிர்ந்தாள். அவன் ஆச்சரியப்படவில்லை, வாசலைப் பார்த்தான். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“உங்களுக்குத் தெரியும்.”

“அப்பா தண்ணி ஊத்துறாரு. கெட்டியாத் தெரியறதுக்கு மாவு. சூடா இருந்தா நீலம் காட்டாதாம்... பேச்சுக் குடுத்து அவசரப்படுத்துன்னு என்னை அனுப்பினாரு.” அவன் குரல் உடைந்தது. “மொதல்ல நடிச்சேன். அப்புறம் நடிக்கல, சத்தியமா. உங்கள விரும்புறேன்... இத கீழ ஊத்திடுங்க. அப்பா மானம் போயிடும்.”

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை... அது இப்படியா வந்து சேர வேண்டும்?

“எனக்கும் உங்களப் பிடிச்சிருந்துச்சு,” என்றாள். “அதனாலதான் பால ஆற விடல. எத்தன குழந்தைங்க குடிச்சுச்சோ.”

குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். வேலை போய்விடும் என்று தெரியும். அவன் கை பாதி தூரம் நீண்டு, அப்படியே நின்றுவிட்டது.

மறுமுனையில் மேலாளர் எடுத்தார்.

“சார்... நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்,” என்று அவனைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.